இருபத்தைந்தரைப் பாகம்

குளச்சல் துறைமுகக் கச்சேரியில்
நகலெழுத்து வேலை எனக்கு.
அளவைக் கப்பலின் கேப்டன் கடலிலிருந்து எழுதுவார்.
உறையின் ஓரத்தில் உப்புப் பூத்திருக்கும்.
'மேன்மை தங்கிய தங்கள் சமூகத்துக்கு' என்று தொடங்கி
'கீழ்ப்படிதலுள்ள ஊழியன்' என்று முடிப்பார்.
நடுவில்
கயிறு போதவில்லை,
எலுமிச்சைச் சாறு பூசணம் பிடித்துவிட்டது,
இரண்டாம் நங்கூரம் அறுந்த விவரம் தனித்தாளில்.
அப்புறம் ஆழங்கள்.
பக்கம் பக்கமாக ஆழங்கள்.

ஈயக்குண்டு போட
வாணியக்குடி பஸ்தியானைக் கூட்டிப் போயிருந்தார்கள்.
குண்டின் அடியில் பூசிய கொழுப்பில்
ஒட்டி வந்ததை நாக்கில் வைத்து
இன்ன இடம் என்பானாம்.
கடிதத்தில் அவனுக்குப் பெயர் இல்லை.
'உள்ளூர் ஆள் ஒன்று.'
அதுவும் அரிசிக் கணக்கில், கோழிகளுக்கு மேலே.

அவன் பெண்சாதி கத்ரீனாள்
மீன் விற்ற கடவத்தோடு வந்து வெளியே நிற்பாள்.
"அவரப் பத்தி வல்லதும் உண்டா பிள்ளே?"
"சுகம்" என்பேன்.
பொய்க்கு முத்திரைத்தாள் வேண்டாம்.

மூன்றாம் கடிதத்தன்று கேட்டாள்:
"அப்பம் அதில என்னதான் எழுதியிருக்கு?"
வாசித்தேன்.
பதினெட்டரைப் பாகம், சிப்பித் தூள்.
இருபத்தொன்றும் ஒரு முழமும், கறுப்புச் சேறு.
பன்னிரண்டே கால், கல்.
கடவத்தை இறக்கி வைத்தாள்.
"கல்லா? அது ஆடுமேய்ச்சான் பாரு."
கேப்டன் அந்தப் பாருக்குத்
தம் மாமனார் பெயரை வைத்திருந்தார்.
நான் அதைச் சொல்லவில்லை.
"அவருதான் பிள்ளே. ஒரு முழத்தையும் விடமாட்டாரு.
மீன் பங்கு வைக்கும்பமும் இப்படித்தான்,
சண்டையில்லாம முடியாது."

பிறகு அவள் சேதி கேட்பதில்லை.
எண்களைக் கேட்பாள்.
அரையும் காலும் வரும்போதெல்லாம்
பல் தெரியாமல் சிரிப்பாள்.

ஏழாம் கடிதம்
கச்சான் காற்று தொடங்கியபின் வந்தது.
இருபது பாகம், மணல்.
இருபத்தைந்து, மணல்.
முப்பது.
இருபத்தைந்து.
"மேல வாசியும்."
முப்பது. இருபது. முப்பது.
மூன்று பக்கம் அப்படி.
கையை நீட்டி நிறுத்தினாள்.
எழுத்தறியாதவள், தாளை வாங்கி
ஒருதரம் முகர்ந்தாள்; திருப்பித் தந்தாள்.
"இது வேற ஆளு."
சும்மாடு வைக்காமலே
கடவத்தைத் தூக்கிக்கொண்டு போனாள்.

அடியில் தனித்தாள் ஒன்று இருந்தது.
ஈயக்குண்டு ஒன்று, கயிறு நாற்பது பாகம், நஷ்டம்.
மறுபக்கமும் பார்த்தேன்.
வேறெதுவும் நஷ்டமாகவில்லை.

அன்றிரவு நகலெடுத்தேன்.
பதினோரு வருஷம் ஒரு புள்ளி பிசகாத கை
நாலாம் வரியில்
இருபத்தைந்தின் பக்கத்தில்
ஓர் அரையைச் சேர்த்தது.
அரைப்பாகத்தில் எந்தக் கப்பலும் தட்டிவிடாது.
மை காயும் முன்னே
அடியில் எழுதினேன்:
கீழ்ப்படிதலுள்ள ஊழியன்.