ஐஸ் உருகுமுன்

மருந்துக்கடைப் பொடியன் ஊசிப்பெட்டியை
இரண்டு ஐஸ்பொதிக்கு நடுவில் வைத்து
பையின் வாயை முடிச்சுப் போட்டுத் தந்தான்.
"ஒரு மணித்தியாலம் தாங்கும், மிஸ்."

இருபத்தாறாவது கிழமை.
கொட்டாஞ்சேனையில் வங்கி, மூன்றாம் கவுண்டர்.
எச்சில் தொட்டு எண்ணிய நோட்டுகள்
நாள் முழுக்க என் விரலுக்கு வருகின்றன.
கண்ணாடியின் அடியில் அரைவட்ட ஓட்டை,
காசு வரும் வழியால் இருமலும் வரும்.
பக்கத்துக் கதிரை ஜெஸீமா
காய்ச்சலோடு போனவள்
ஒன்பது நாளாய் வரவில்லை.

மாமி சொன்னா:
"கொத்தமல்லி அவிச்சுக் குடி, காணும்."
கனடா மச்சாள் சொன்னாள்:
"இங்க எல்லாருக்கும் போடுறவை. கைதான் நோகும்."
அகிலன் சொன்னது:
"உனக்கு எது சரியெண்டு படுதோ."
அந்த வசனத்தை எங்கே வைப்பது?
கைப்பையில் இடமில்லை.

ஒருவருக்கும் காட்டாத கணக்கு ஒன்று என்னிடம் உண்டு.
போனமுறை ஊசி இல்லை, குளிசை இல்லை,
அன்னாசி இல்லை, பப்பாசி இல்லை,
தலையிடிக்குப் பனடோல்கூடத் தொடவில்லை.
அப்படிக் காத்ததுதான்
பதினோராவது கிழமை, ஒரு செவ்வாய்,
வங்கிக் கழிவறையில்
என்னை விட்டுப் போனது.
வெளியே டோக்கன் இலக்கத்தை
மூன்று மொழியில் கூப்பிட்டபடி இருந்தது மெஷின்.

ஒன்றும் செய்யாமலிருந்ததையும்
ஏதாவதொரு பக்கத்தில் பதியத்தானே வேண்டும்.

"பிறந்து ஆறு மாதத்துக்குக் குழந்தைக்கு இதைப் போட ஏலாது,
நீங்கள் போட்டால் கொஞ்சம் அங்கேயும் போகும்"
என்றார் டொக்டர் விஜேநாயக்க.
நூற்றுக்கு நூறா, கேட்டேன்.
"இல்லை."
அந்த இல்லையில்தான்
அவரை நம்பத் தொடங்கினேன்.

மருதானையில் மழை.
பஸ் அசையவில்லை.
பின்சீட்டில் யாரோ தும்ம
எல்லோரும் ஒருகணம் மூச்சை நிறுத்தினோம்.
மடியில் பை சொட்டத் தொடங்கியது.
சேலை நனைந்து குளிர் இறங்க
உள்ளே ஒரு உதை.
அது சம்மதமா, மறுப்பா?
நான் மொழிபெயர்க்கப் போகவில்லை.
அது வெறும் உதை.

நாற்பத்தைந்து நிமிடம் போய்விட்டது.
இறங்கினேன்.
குடையைப் பைக்குப் பிடித்தேன், தலைக்கு அல்ல.
அதைப் பொரளைக்குக் கிட்ட வந்தபிறகுதான் கவனித்தேன்.

தாதி பஞ்சை நனைத்துக்கொண்டு
உடைந்த தமிழில் கேட்டாள்:
"இடது கை, வலது கை?"

இத்தனை கிழமையில்
உடனே பதில் சொன்ன கேள்வி அது ஒன்றுதான்.
இடது.
நாளைக்கும் நோட்டு எண்ண வேண்டும்.