அறுபத்தொன்று

முஹர்ரக் துறையில் நள்ளிரவு தாண்டி நாற்பது நிமிடம்.
ஐஸ் ஏற்றியாயிற்று, டீசல் ஏற்றியாயிற்று.
கிளீட்டஸின் போன் மட்டும்
கர்கூர்க் கூண்டின் கம்பியில் சாய்ந்து நிற்கிறது,
அதைச் சுற்றி ஐந்து தலைகள்.

எண்பத்தொன்றாவது நிமிடம். கோட்டருகே பலகை தூக்குகிறார்கள்.
சிவப்பில் ஒன்பது. பச்சையில் அறுபத்தொன்று.
சின்ன எண்களையெல்லாம் பெரியவர்கள் எடுத்துக்கொண்ட பிறகு
மிச்சத்தில் ஒன்றைக் கொடுத்திருப்பார்கள்.
எனக்கும் அப்படித்தான் வந்தது
கழிப்பறைக் கதவை ஒட்டிய படுக்கை.

பதினாறு வயது, இருநூற்றுப் பத்து நாள்
என்கிறான் வர்ணனையாளன்.
அவனுக்கு நாளைக்கூட எண்ணுகிறார்கள்.
என் வயதை எண்ணியது ஓர் ஏஜென்ட்.
பதினெட்டு என்றேன், இருபத்தொன்று என்று எழுதினான்.
நடுவே போன மூன்று வருடத்தை
இதுவரை யாரும் கேட்கவில்லை.

மொனிருலுக்கு இதெல்லாம் அத்துப்படி.
பதினெட்டு ஆகாதவன் என்பதால்
தனியறையில்தான் உடை மாற்றவேண்டுமாம்,
காலையில் பள்ளிக்கூடம் வேறு உண்டாம், கணக்குப் பரீட்சையாம்.
வெங்காயம் நறுக்கிக்கொண்டே சொல்கிறான்.
ஒரு குளியலறைக்குப் பதினொரு பேர் என்று கிடக்கிற நாங்கள்
அந்தத் தனியறையைக் கொஞ்ச நேரம்
பேசாமல் பார்த்தோம்.

"யல்லா" என்கிறார் நகூதா.
அவர் எதிரணி ஆள்.
ஒன்றுக்கு ஒன்று என்று இருக்கும்போதே
கரையை விட்டுப் போய்விடலாம் என்று பார்க்கிறார்.
கயிறு அவிழ்ந்தது.

முதல் பந்து பையனின் முழங்காலில் பட்டு வெளியே போனது.
"எளவு" என்றான் ரெஞ்சித்.
இரண்டாவது பந்து வந்து சேரும் முன்பே
அவன் திரும்பியிருந்தான்.
எப்படி என்று எனக்குச் சொல்லத் தெரியாது,
என் இடது கால் ஐஸ்பெட்டியை உதைத்தது மட்டும் தெரியும்.
தாடியும் குடும்பமுமுள்ள ஒரு தடுப்பாட்டக்காரர்
இல்லாத கதவைச் சாத்தப் போனவர்போல
எங்கோ நின்றார்.

அலைதடுப்புச் சுவரைக் கடந்தோம்.
மூன்று கோடு, இரண்டு கோடு.
பையன் பெட்டிக்குள் நுழைகிறான்,
இடது காலைத் தூக்குகிறான்,
ஒரு கோடு,

படம் நின்றுவிட்டது.
கால் அந்தரத்தில்.
அதன்மேல் ஒரு வட்டம் சுழல்கிறது, சுழல்கிறது.
கிளீட்டஸ் போனைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தான்.
உப்புக்காற்று. கரையின் வெளிச்சம் ஒரு விரல் அகலம்.

பிறகு இரவெல்லாம் வழக்கு.
கோல்தான், சந்தேகமென்ன லேய், என்றான் ரெஞ்சித்.
கம்பத்தில் பட்டிருக்கும் என்றான் கிளீட்டஸ்.
பக்கத்தில் நின்றவனுக்குத் தள்ளிவிட்டிருப்பான்,
வளர்த்தவர்கள் அப்படி வளர்த்திருப்பார்கள் என்றான் மொனிருல்.
நகூதா ஒன்றும் பேசாமல்
இரண்டு கையையும் நெஞ்சோடு சேர்த்துக் காட்டினார்.
கோலி பிடித்துவிட்டானாம்.
கூண்டுகள் ஒவ்வொன்றாய் ஏறின.
பாதி நண்டு, பாதி பாசி, ஒன்றில் வெறும் தண்ணீர்.
கயிற்றை இழுக்க ஊன்றும்போதெல்லாம்
என் கால் இறங்கியது, அவன் கால் இறங்கவில்லை.

விடிந்து துறைக்குள் நுழைகையில் போன் நடுங்கியது.

பந்து கம்பத்துக்கு மேலே எகிறி
மூன்றாம் அடுக்கில் யாரோ ஒருவர் மடியில் விழுந்திருந்தது.
ஒன்றுக்கு ஒன்று. அவ்வளவுதான்.
படத்தில் அவன் முகத்தை மூடியிருக்கிறான்,
விரலிடுக்கில் பல் தெரிகிறது.
நகூதாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை,
எல்லோருக்கும் அவர் காசில் டீ.

அங்கே இப்போது மணி மூன்று இருக்கும்.
தூங்கியிருப்பான்.
இல்லை, கணக்குப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு
கூரையைப் பார்த்து
அந்தக் காலை இன்னும் கொஞ்சம் தாழ்வாக
இறக்கிக்கொண்டிருப்பான்.

நான் ஸாஃபி மீனைப் பிரிக்கிறேன், பெரியது, நடுத்தரம், சின்னது.
இடது கட்டைவிரல் வீங்கியிருக்கிறது.
சின்னது இன்றைக்கு நிறைய.