இருநூற்றிரண்டு

ஒட்டுசுட்டான் சந்தியில் என் கடை.
தூறல் விழுந்தால் ரவர் படுத்துவிடும்,
பிறவுசரில் வட்டம் மட்டும் சுற்றும்.

சேர்வருக்கு ஞாபகம் இல்லை அக்கா.
போன நிமிசம் கேட்டதும் நீங்கள்தான் எண்டு
அதுக்குத் தெரியாது.
ஒவ்வொரு தரமும் முதலிலிருந்து:
ஆர், என்ன வேணும்.

திலகேஸ்வரியக்கா சிரித்தா.
"கச்சேரியிலும் அப்பிடித்தான்.
ஐஞ்சாம் தரம், அதே மேசை.
மகன்ர பேர்? கடைசியாக் கண்ட இடம்?"

நானூற்றுநான்கு எண்டால்
கேட்டது இங்கை இல்லை.
அதுவும் ஒரு பதில்தான்.
இருநூற்றிரண்டு எண்டு ஒண்டிருக்கு:
கிடைத்தது, ஏற்றுக்கொண்டோம்,
இன்னும் ஒன்றும் செய்யவில்லை.
அதை நான் சொல்லவில்லை.

படிவத்தின் கடைசிப் பொத்தானை
அவவே அழுத்தினா.
வட்டம் சுற்றுது.
மாங்குளம் பஸ் ஹோர்ண் அடிக்குது,
கதிரையை இன்னும் கிட்ட இழுக்கிறா.