மூன்றாவது லேன்

நாங்குநேரி டோல்கேட்டில்
வடக்கே போகிற மூன்றாவது லேன் என்னுடையது.
வலது பக்கம் ஜன்னல், இடது பக்கம் ஏசி.
நடுவில் மூக்கு,
டிவைடர் மாதிரி.

ஒன்றரை வருஷத்தில்
எனக்கு இரண்டு முகம் ஆகிவிட்டது.
ஜன்னல் பக்கத்துக் கன்னத்தில்
ஆடிக் காற்று, லாரிப் புகை,
நாலு மணிக்குச் சாய்கிற வெயில்.
பிசுபிசுக்கும். பரு வரும்.
பரு போன இடத்தில் கறுப்பாய் ஒரு புள்ளி
போகாமல் நிற்கும்.
ஏசிப் பக்கம் அப்படியில்லை.
காய்ந்து வெளிறிக் கிடக்கும்.
நகத்தால் கீறினால் வெள்ளைக் கோடு விழும்,
சிலேட்டில் விழுவதுபோல.

ஃபாஸ்டேக்கில் பணம் இல்லாதவர்கள்தான்
என்னோடு பேசுவார்கள்.
"பேலன்ஸ் இருந்துச்சே, இப்பதான பாத்தேன்."
நான் சிரிக்க வேண்டும்.
சிரித்தால் இடது பக்கம் சுருக்கென்று இழுக்கும்.

நாலாவது லேன் வானமாமலை
கோயில் எண்ணெய் கொண்டுவந்தான்.
பெருமாளுக்குக் காப்பிட்டு
கிணற்றில் சேர்ந்த நல்லெண்ணெய்,
பழைய சோடா பாட்டிலில்.
"தோலுக்கு இத விட்டா வேற கெடையாதுக்கா."
ஊர்ப் பேரையே தன் பேராக வைத்திருப்பவன்,
சொன்னால் நம்பத்தானே வேண்டும்.
நைட் ஷிப்டில் இரண்டு கன்னத்துக்கும் பூசினேன்.
இடது கன்னம் குடித்தது,
குடித்துவிட்டு இன்னும் கேட்டது.
வலது கன்னத்தில்
காவல்கிணற்றிலிருந்து வந்த தூசியெல்லாம்
வண்டியை நிறுத்தி இறங்கிக்கொண்டது.
விடிகாலையில் துடைத்தேன்,
கைக்குட்டையில் ஒரு நாலுவழிச் சாலை.
பெருமாளைக் குறை சொல்லவில்லை.
அவர் கருவறையில் இருக்கிறார்.
ஒரு ராத்திரி இந்த ஜன்னலோரம்
உட்கார்ந்து பார்க்கட்டும்.

சம்பளம் வந்த மறுநாள்
பாளையங்கோட்டை மார்க்கெட் பக்கம் இறங்கினேன்.
கடையில் பெனாசிர்
கண்ணாடி மேல் இரண்டு குப்பியை வைத்தாள்.
இரண்டிலும் முப்பது மில்லி, இரண்டுக்கும் சொட்டு மூடி.
"இது சீரம். தண்ணி கணக்கா இருக்கும், உள்ள போயிரும்.
இது ஆயில். மேல நிக்கும்,
உள்ள கெடக்குற ஈரத்த வெளிய விடாது."
"எதுட்டி நல்லது?"
"உங்க மூஞ்சிக்கு ரெண்டும்க்கா.
மொதல்ல சீரம், பொறவு ஆயில்.
மாத்திப் போட்டியள்னா
சீரம் வாசல்லயே நிக்கும்."

இதை எனக்கு விளக்க வேண்டாம்.
சீரம், பணம் போட்டு வைத்த ஃபாஸ்டேக் வண்டி.
ஆயில், குறுக்குக் கட்டை.
கட்டை முதலில் இறங்கினால் என்ன ஆகும் என்று
திங்கள்கிழமைக் காலை
நாகர்கோவில் பஸ்ஸில் இருப்பவர்களைக் கேளுங்கள்.

சீரம் ஐநூற்று எண்பது.
ஆயில் நானூற்று முப்பது.
சீட்டு, வாடகை, தம்பி பீஸ் போக
என் கையில் அறுநூறு.

ஒரு நாளில் எத்தனை ஆயிரம் வண்டி
என் வலது கன்னத்தைப் பார்த்துப் போகிறது.
நியாயமாக அதற்குத்தான் வாங்க வேண்டும்.
இடதை யார் பார்க்கிறார்கள்?
ஏசி பார்க்கும்.
ஷிப்ட் முடிந்து தூங்கி வழிகையில்
டவுன் பஸ்ஸின் ஜன்னல் கம்பிக்குத் தெரியும்.
அப்புறம் தலையணைக்கு.

கை ஆயிலை எடுத்தது.
"அப்ப வலப்பக்கம்?" என்றாள் பெனாசிர்.
"அதுக்கு சோப்பும் தண்ணியும்.
அடுத்த மாசம் பாப்போம்."
அவள் ஓனரைத் திரும்பிப் பார்த்துவிட்டு
சீரம் சாம்பிள் ஒன்றைப் பைக்குள் போட்டாள்.
ஒரு தடவைக்கு வரும்.
இன்னும் பிரிக்கவில்லை.

நேற்று ராத்திரி
இடது கன்னத்தில் மட்டும் மூன்று சொட்டு.
இரண்டரை மணிக்கு ஒரு தேங்காய் லாரி,
கட்டை தூக்கவில்லை.
டிரைவர் தலையை நீட்டி,
"என்ன தாயி, சிரிக்கிய?" என்றார்.
"பேலன்ஸ் இல்லண்ணாச்சி.
டபுள் கட்டணும்."
இழுக்கவில்லை.