முந்நூறு மீட்டர்

சக்கரத்தில் காற்றைக் கொஞ்சம் இறக்கு என்றாள் தெல்வா,
பழம் வாங்குகிறவள்போல
டயரைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்துவிட்டு.
இறுக்கமாக இருந்தால்
ஒவ்வொரு கல்லும் உன்னிடம் பேசும்.

நாங்கள் பேசியே ஏழு வாரம் ஆகியிருந்தது.
கல்லாவது பேசட்டும் என்று
பாதிதான் இறக்கினேன்.

சோமியேதோ மலைகளில் ஜூன்.
கடைசி மாட்டுக்கொட்டிலோடு தார் ரோடு முடிகிறது,
அப்புறம் சரளை.
முதலில் சில்லறை கொட்டுகிற சத்தம்,
பிறகு யாரோ பொரி மெல்வதுபோல,
மேலே ஏற ஏற, பீச் மரங்களின் நிழலில்
ஈரம் காயாத மண்ணில்
ஒன்றுமே இல்லை.
மூச்சு மட்டும்.
அதுவும் என்னுடையது.

அவள் முன்னால்.
பதினொரு வருடமாக அவள்தான் முன்னால்.
கழுத்தில் தொடங்கும் வியர்வை
இடுப்புக்கு வந்துவிட்டால் பாதி மலை முடிந்தது.
எனக்கு வேறு கடிகாரம் வேண்டாம்.

இருவரும் சேர்ந்து வாங்கிய வேனை
அவளைக் கேட்காமல் விற்றுவிட்டேன்.
அவ்வளவுதான் விஷயம்.
அவ்வளவுதானா, என்பாள் அவள்.
இந்தப் பயணம் ஜனவரியில் முடிவானது,
இரண்டு பேருக்கும் ரத்து செய்ய வெட்கம்.

ஒரு வளைவில் பாதையை அடைத்துக்கொண்டு பசுக்கள்.
செம்பழுப்பு. கொம்பு. ஆளுக்கொரு மணி.
தெல்வா இறங்கி,
கொஞ்சம் தள்ளும்மா, என்றாள் பெரியதிடம்.
அத்தனை மிருதுவாக
என்னிடம் அவள் கடைசியாகப் பேசியது எப்போது என்று
யோசித்தபடி உருட்டிக்கொண்டு போனேன்.
பசு நகரவில்லை.
சாணியில் இறங்கிச் சுற்றினோம்.

கணவாய்க்கு முந்நூறு மீட்டர் இருக்கையில்
ஒரு சங்கிலி.
பிளாஸ்டிக் உறைக்குள் தாள்,
பேனாவில் பெரிய பெரிய எழுத்து:
தாய்க் கரடி, இரண்டு குட்டிகள்.
பதினெட்டாம் தேதிவரை வழியில்லை.
ஓலாயா, வனக்காவலர்.

தேதி பதினாறு.

முந்நூறு மீட்டர்தானே என்றேன்.
இரண்டு நிமிடம்.
யார் பார்க்கப்போகிறார்கள்?

சங்கிலியைப் பிடித்தபடி அவள் திரும்பினாள்.
வேனை விற்கும்போதும் இப்படித்தான் நினைத்தாயா நெல்?

காற்று அந்தப் பக்கத்திலிருந்து வந்தது.
அங்கே என்ன இருக்கிறதென்று
காற்றுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது.
புல்லில் உட்கார்ந்து
நீலப் பாலாடைக்கட்டியை ரொட்டியில் அப்பித் தின்றோம்.
நீ போயிருக்கிறாயே, அந்தப் பக்கம் என்ன, என்று கேட்டேன்.
சரளைதான்.
இன்னும் கொஞ்சம் மோசம்.

ஒற்றையடி அகலம்.
சைக்கிளைத் திருப்பினால்
பின்னால் இருந்தவன் முன்னால்.
அது அப்போதுதான் உறைத்தது.

இறக்கம். பிரேக்கில் இரண்டு விரல்.
காற்று மிச்சமிருந்த டயர்
ஒவ்வொரு கல்லையும் பல்வரை கொண்டுவந்தது.
எனக்குப் பின்னால்
அவள் சக்கரங்களின் நொறநொறப்பு,
நெருங்கியும் விலகியும்,
ஆனால் விடாமல்.
பதினொரு வருடம்
அவள் காதில் நான் இப்படித்தான் இருந்திருப்பேன்:
திரும்பிப் பார்க்கத் தேவையில்லாத ஒரு சத்தம்.

மூன்றாம் வளைவில் அது நின்றுபோனது.

நான் பிடித்த பிரேக்கில் பின்சக்கரம் பக்கவாட்டில் ஓடியது.
பார்த்தால், மேலே அவள்
ஒரு காலைத் தரையில் ஊன்றி,
உள்ளங்கையை என் பக்கம் உயர்த்தி:
பேசாதே.

சரிவில், புதர்களுக்கு மேலே,
கற்கள் உருண்டன.
கனமாக ஒரு தடவை.
பிறகு சின்னதாக, அவசரமாக,
இன்னும் சின்னதாக.

ஒன்றும் தெரியவில்லை.
வெகுநேரம் பார்த்தோம், ஒன்றும் தெரியவில்லை.
புதர் மட்டும்
காற்றில்லாத திசையில் அசைந்தது, அல்லது
அசைந்ததென்று இப்போது சொல்கிறேன்.

என் பக்கத்தில் வந்து நிறுத்தினாள்.
தண்ணீர் குடித்தாள், புட்டியை நீட்டினாள்.
வேனை யார் வாங்கினது?
லுவார்காவில் ஒரு மீன்காரர்.

அவள் அதை யோசித்தாள்.
மெத்தை, திரைச்சீலை, நாங்கள் அடித்த பச்சை வண்ணம்,
எல்லாவற்றிலும் மத்தி மீன்.

அப்போ திரும்பக் கேட்கவும் முடியாது, என்றாள்.

பிறகு குனிந்து,
கேட்காமலே,
என் பின்சக்கரத்தில் கொஞ்சம் காற்றைத் திறந்துவிட்டாள்.