அடுப்பு எரியுது

பொத்தானை அழுத்தினேன்.
ஒன்றும் நடக்கவில்லை.
ஒன்றும் என்றால் ஒன்றுமே:
புகையில்லை, பொறியில்லை,
ஒரு சின்ன முனகல்கூட இல்லை.
புந்தா அரேனாஸின் காற்று மட்டும்
தகரக் கூரையைப் பிறாண்டிக்கொண்டிருந்தது.

எட்டு மாதம் கிள்ளிக் கிள்ளிச் சேர்த்தது.
மார்ச்சில் கேபினெட். ஏப்ரலில் ராம்.
மே மாதம் எதுவும் வாங்கவில்லை,
கடைவாய்ப் பல் பிடுங்கினேன்.
தொழிற்சாலையில் நான் முத்திரை குத்திய
நண்டுப் பெட்டிகளில் எத்தனையோ
இந்தத் திருகாணிகளாகி நிற்கின்றன.

மறுபடி அழுத்தினேன்.
மெதுவாக. பிறகு பலமாக.
பிறகு, யாரும் பார்க்கவில்லை என்பதால்,
'தயவுசெய்து' என்று சொல்லி.

பிளக்கைச் சுவரில் வேறு இடத்தில் மாட்டினேன்.
பழைய இடத்தில் கெட்டிலைச் செருகிப் பார்த்தேன்,
தண்ணீர் நன்றாகக் கொதித்தது.
பவர் சப்ளையின் முதுகில் ஒரு சுவிட்ச்,
ஒரு பக்கம் கோடு, ஒரு பக்கம் வட்டம்.
கோட்டின் பக்கம்தான் இருந்தது.
அதுவாக இருந்திருக்கலாம்.
அவ்வளவு சிறிய முட்டாள்தனமாக இருந்திருந்தால்
என்னை நானே திட்டிவிட்டு
நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

பதினோரு மணிக்குக் கதவு தட்டினான்
கீழ்வீட்டு ருடெசிந்தோ.
என் வசவுகள் தரை வழியாக
வார்த்தை வார்த்தையாக இறங்கினவாம்.
ரொட்டிக்கடை அடுப்புகளைப் பழுது பார்ப்பவன்.
"கம்ப்யூட்டரப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது"
என்று சொல்லிக்கொண்டே குனிந்து,
"இந்தப் பெட்டி தனியா ஓடுமா?" என்றான்
பவர் சப்ளையைக் காட்டி.

மின்சாரத்தை நிறுத்தினோம்.
தடித்த இணைப்பைப் பிடுங்கி
பச்சைக் கம்பியின் துளையையும்
பக்கத்துக் கறுப்பையும்
என் ஹேர்பின்னால் சேர்த்தோம்.
கையை எடுத்துக்கொண்டு சுவிட்சைப் போட்டேன்.
விசிறி சுற்றியது.

"அடுப்பு எரியுது," என்றான்.
"அப்ப கோளாறு ரொட்டியிலதான்."

எல்லாவற்றையும் கழற்றினோம்.
மதர்போர்டு வந்த அட்டைப்பெட்டியையே
சாப்பாட்டு மேசையில் கவிழ்த்து
அதன்மேல் மதர்போர்டைக் கிடத்தினோம்.
பிராசசர். அதன் தலையில் ஒரு விசிறி.
ராம் ஒன்றே ஒன்று.
டிஸ்க் வேண்டாம். கிராஃபிக்ஸ் கார்டு வேண்டாம்.
அதிகப் பணம் கொடுத்து வாங்கிய
ஊதா விளக்கு நிச்சயமாக வேண்டாம்.
ஸ்வெட்டோசார் தன் பங்கை எடுத்துப்போன அன்று
இந்த வீடும் இப்படித்தான் கிடந்தது:
ஒரு கோப்பை, ஒரு நாற்காலி,
எது இருந்தால் போதும் என்ற கணக்கு.

ஒன்பது ஊசிகள், எறும்புக்கால் உயரம்.
எந்த இரண்டு?
கையேட்டின் எழுத்து அதைவிடச் சிறியது.
மூக்குக்கண்ணாடிக்கு மேல்
ருடெசிந்தோவின் கண்ணாடியையும் வைத்துப் பார்த்து
ஸ்க்ரூடிரைவர் நுனியால்
இரண்டையும் அரை நொடி தொட்டேன்.

சுற்றியது.
அவன் துள்ளியதில் மாத்தே கொட்டியது,
நல்லவேளை, அவன் மடியில்.

ஆக ரொட்டியும் சரி.
எட்டு மாதச் சாமான் அத்தனையும் சரி.
கெட்டுப்போயிருந்தது
கேபினெட்டின் நெற்றியிலிருந்த பொத்தான்,
முழுப் பெட்டியிலும் மலிவான பொருள்.
காலையிலிருந்து நான் கெஞ்சிக்கொண்டிருந்தது
வாசலில் செத்துக்கிடந்த காவல்காரனிடம்.

இந்த நேரத்தில் பொத்தானுக்கு எங்கே போக?
பக்கத்திலேயே இன்னொன்று இருந்தது, ரீசெட்.
அதன் ஒயரை எடுத்து இதன் ஊசியில் மாட்டினேன்.
"அப்ப ரீசெட் பண்ண எதை அழுத்துவ?"
"தெரியல."

எல்லாம் திரும்ப உள்ளே போனபோது
ஒரு திருகாணி மிச்சம்.
எங்கிருந்து வந்தது என்று
இருவரும் கேட்டுக்கொள்ளவில்லை.

அழுத்தினேன்.
நாலரை மணி, ஜலசந்தியின் மேல் வெளுப்பு.
கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து வந்தது:
தொடங்க இங்கே எதுவும் இல்லை,
எதையாவது வைத்துவிட்டு ஒரு விசையை அழுத்தவும்.

கைதட்டினோம்.
வைக்க ஒன்றுமில்லாமலே ஒரு விசையை அழுத்தினேன்.
அதையே மறுபடி சொன்னது.
ருடெசிந்தோ ஈரக் கால்சட்டையோடு
வேலைக்குக் கிளம்பிப் போனான்.
நான் இன்னொரு விசையை அழுத்தினேன்.