ஒன்பது நாலு

அவன் பெயர் உப்புக்கண்டம்.
படத்தில் முகம் இல்லை, ஒரு வறுத்த எலும்பு.
என் பெயர் மூன்றாம் நடுவர்.
இரண்டு வருஷமாகச் சண்டை போடுகிறோம்.

முதலில் ஒரு பத்தொன்பதாவது ஓவர்.
அதைச் சுழல்பந்துக்காரனிடம் கொடுத்தது
கிறுக்குத்தனம் என்றேன்.
'மட்டை பிடிச்சிருக்கியா தம்பி வாழ்க்கைல?' என்றான்.
தம்பி.
திருத்தவில்லை. தம்பியாக இருப்பதில்
சில சௌகரியங்கள் இருந்தன.

பிறகு இடைத்தேர்தல்.
பிறகு எட்டரை மணித் தொடரில்
செத்துப்போன நாத்தனார்
மூக்குத்தியை மட்டும் மாற்றிக்கொண்டு
திரும்பி வந்தது நியாயமா என்று பதினொரு நாள்.
(நியாயம் என்றான்.
தொடரெல்லாம் பார்ப்பதில்லை என்றும் சொன்னான்.)

ஒருமுறை டெங்குவில் படுத்திருந்தேன்.
'தோத்துட்டு ஓடிட்டியா' என்று தினம் ஒன்று.
ஐந்தாம் நாள், 'உடம்புக்கா?'
உடனே அழித்துவிட்டான்.
நான் பார்த்துவிட்டேன்.

தேவகோட்டைப் பேருந்து நிலையத்துக்கு எதிரே
மருந்துக்கடை. இரவு பத்து வரை நான்.
ஒரு கையில் கத்தரி,
மாத்திரை அட்டையை நாலு நாலாக நறுக்கியபடி
மறுகைக் கட்டைவிரலால்
அவனை நறுக்கிக்கொண்டிருப்பேன்.
துபாயில் இருப்பான் என்று நினைத்திருந்தேன்.
இல்லாவிட்டால் அம்பத்தூர்.
இவ்வளவு கோபத்துக்கு
ஒரு பெரிய ஊர் வேண்டும் என்று தோன்றியது.

மாசியில் ஒரு ராத்திரி
நான் ஓட்டுப் போடும் கட்சியைத் திட்டிக்கொண்டே வந்தவன்
எழுதினான்:
'சங்கு ஊதியாச்சு. மீதி நாளைக்கு.'
எனக்கு ரத்தம் ஏறியது.
யாருக்குடா சங்கு, உன் கட்சி பாடையில் கிடக்கையில்,
என்று பாதி அடித்திருப்பேன்.
அப்போதுதான் காதில் விழுந்தது
நகராட்சிச் சங்கு.
ஊதி முடித்து, வால் மட்டும் காற்றில்.

எங்கள் ஊரில் ஒன்பது மணிச் சங்கு
ஒன்பது நாலுக்கு ஊதும்.
பழைய ஆபரேட்டர் ஓய்வு பெற்றதிலிருந்து அப்படி.
கடிகாரத்தை யாரும் திருத்தவில்லை,
மனு கொடுத்தவர்களும் பழகிவிட்டார்கள்.
வேறெந்த ஊருக்கும்
ஒன்பது நாலுக்குச் சங்கு கிடையாது.

அடித்ததை அழித்தேன்.

மறுநாள் முதல்
கடைக்கு வருகிற ஒவ்வொருவரும் அவன்.
அணி தோற்ற காலையில்
ரத்தக்கொதிப்பு மாத்திரை கேட்கும் ராம்நகர்க்காரர்.
சளிமருந்து விலைக்குக் குரல் உயர்த்திய
நகைக்கடைப் பையன்;
'வாழ்க்கைல' என்று சொல்கிறானா என்று
காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன்.
வாயு மாத்திரை ஒன்றே ஒன்று வாங்கும்
டைம்கீப்பர் சிற்றம்பலம் மட்டும்
டிவியை அண்ணாந்து பார்த்துச் சொன்னார்:
'ஸ்பின் போட்டாத்தான் அடங்குவானுங்க.'
சில்லறைக்குப் பதில் இரண்டு மிட்டாய் தந்தேன்.
மூன்று தரவேண்டியது.

ஊர்க்காரன் என்று தெரிந்தால்
மனசு இளகும் என்பார்கள்.
இளகவில்லை.
துபாய்க்காரனுக்கு நாலு பந்து விட்டுக்கொடுத்திருக்கிறேன்,
'சரி, அது வைடுதான்' என்றுகூட ஒரு தடவை.
இவனுக்கா?
இதே குழாய்த் தண்ணீரைக் குடித்து
இதே ரோட்டுக் குழியில் விழுந்து எழுந்து
அந்தச் சின்னத்தில் எப்படிக் குத்துகிறான்?

ஆனாலும் ஒன்பதாகும்போது
கத்தரி தானாக நின்றுவிடுகிறது.

நேற்று, ஆட்டம் பாதியில்,
ஒரே சொல் எழுதினான்: 'சங்கு.'
'கேக்குது' என்று எழுதி
அனுப்பியும் விட்டேன்.

மூன்று புள்ளிகள்
வந்தன, போயின, வந்தன, போயின.
மதுரை பஸ் கிளம்பிப் போனது.
டைம்கீப்பர் அறையில் விளக்கு எரிந்தது,
தலை தெரியவில்லை.
ஒருத்தர் தலைவலித் தைலம் கேட்டார்,
கண்சொட்டு மருந்தை எடுத்துக் கொடுத்தேன்.

ஒன்பது நாற்பதுக்கு வந்தது:
'கேட்டா என்ன?
அந்த ஓவர் சரிதான்.'

கத்தரியைக் கீழே வைத்தேன்.
இதற்கு
இரண்டு கையும் வேண்டும்.